சேலையோடு கொடுத்த பாஸ்வேர்டு

மயிலு,

நலமா என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. மணமேல்குடி வீட்டில் உன் படத்துக்கு முன்னால் அப்பா இதை வாசிப்பார். நான் புதுக்கோட்டையில், நீ படித்த காலேஜ் லைப்ரரியைத்தான் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

கருமாதி முடிந்து உன் சேலைகளை உன் சிநேகிதி கார்த்திகாவுக்குக் கொடுத்தேன். அவள் வேறு காலேஜ். "அவ லைப்ரரி பாஸ்வேர்டும் குடுங்கம்மா, படிக்க ஒதவும்" என்றாள். நீ வைத்திருந்தது என் பெயரைத்தானே, சொல்லிவிட்டேன். அவள் அதைப் போட்டு ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டாளாம். அதைக் கொடுக்கிற கம்பெனிக்காரன் மொத்தக் காலேஜுக்கும் பூட்டிவிட்டான். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

லைப்ரரி மேடம் ரம்யா என்னைத் திட்டவில்லை. "இது சேலை இல்லக்கா, கைமாத்திக் குடுக்க. இந்தக் காலேஜ் ஆளுக மட்டும்தான் படிக்கணும்னு ஒப்பந்தம்" என்றார். நீ போன பிறகும் உன் பெயரை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. திரையில் எழிலரசி என்று உன் காலேஜ் பெயரைப் பார்த்தேன். "அந்தப் பேர அழிச்சாத்தான் தெறந்து விடுவாங்க. நாளைக்கு அழிக்கணும். பக்கத்துல இருக்கீங்களா, அங்கிட்டுப் போயிர்றீங்களா?" என்று கேட்டார்.

அப்பா கொஞ்சம் நெத்திலிக் கருவாடு பஸ்ஸில் கொடுத்துவிடட்டும், இங்கே சோறு இறங்கவில்லை. உன் போர்வையையும் சேர்த்துக் கட்டட்டும். துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார், போக வேண்டும். ஆஸ்பத்திரியில் உன் உயிர் போனபோது நான் டீ வாங்கப் போயிருந்தேன். நாளைக்காவது பக்கத்தில் நிற்கட்டுமா, மயிலு?