என்ஜின் விளக்கு எரிகிறது

மொன்றியல்
07.12.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததையெல்லாம் நடந்தபடியே எழுதப்போகிறேன். தொலைபேசியில் அப்பா உங்களுக்கு "எல்லாம் சரி" என்றுதான் சொல்லுவார். திரேசம்மா மாமி வியாழக்கிழமை மன்னாருக்கு வருகிறா, அவவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் பார்க்கப் போன சின்னம்மாவின் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று கேட்டு மாதாவுக்கு நன்றி சொன்னோம்.

துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் எமிலியானுஸ் அங்கிளை நினைவிருக்கிறதா? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிற்கும்போது அவர் அப்பாவிடம், "உங்கட கார் என்ஜினை நீங்களே ரியூன் பண்ணிக் கொண்டுவாங்கோ அண்ணை. கைவேலையைப் பாப்பம். சரியெண்டால் திங்களில இருந்து வேலை" என்றார். ஊரில், பேசாலையில் வள்ளங்களின் என்ஜின் திருத்திய அப்பா, இங்கே வந்து எட்டு வருடமாக டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். அன்றைக்கு அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நூலகத்திலிருந்து நம்முடைய காருக்கான புத்தகத்தை எடுத்து வந்தேன். கட்டடத்துக்குப் பின்னால் பனியில் நின்று நான் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்ல, அப்பா பிளக், வயர், ஃபில்டர் எல்லாம் மாற்றினார். பிளக்கில் விடவேண்டிய இடைவெளியையும் நான்தான் வாசித்தேன். அடுத்த நாள், ஓட்டுபவருக்கு முன்னால் பிழை இருந்தால் காட்டும் என்ஜின் விளக்கு செம்மஞ்சள் நிறத்தில் எரிந்தது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். பிறகும் எரிந்தது. "வள்ளத்து என்ஜினுக்கு வருத்தமெண்டால் சத்தத்தில சொல்லும். இது கண்ணை மட்டும் காட்டிப்போட்டுப் பேசாமல் கிடக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தேன், அம்மா. அந்தப் புத்தகத்தில் இரண்டு விதமான என்ஜின்கள் இருந்தன. பிளக் இடைவெளிக்கு நான் வாசித்தது நம்முடையது அல்லாத மற்றதன் அளவு. அழுதுகொண்டு சொன்னேன். "வாசிச்சுத் தாறதுக்கு உன்னை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? விடு பிள்ளை" என்று மட்டும் சொல்லி, சரியான அளவில் வைத்தார்.

சனிக்கிழமை காலையிலும் விளக்கு எரிந்தது. புத்தகத்தின்படி, பிழையைத் திருத்திய பிறகும் அது சில நாள் எரியலாமாம், காரணத்தைச் சொல்ல ஒரு மெசின் இருக்கிறதாம். அந்த மெசின் எமிலியானுஸ் அங்கிளின் கராஜில்தான் இருக்கிறது. அதைக் கேட்போம் என்றேன். "வேலை கேக்கப் போறவன் இது என்னெண்டு பாத்துச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறதோ?" என்றார். பற்றறி வயரைக் கழற்றினால் விளக்கு அணையும் என்றேன். "அது களவு" என்றார்.

அங்கிள் அன்றைக்கு ஐந்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். அப்பா சட்டையை மடிப்புப்பட மினுக்கிப் போட்டார், நானும் போனேன். நாலு மணிக்குக் கராஜுக்கு எதிர்ப்பக்கத்தில் காரை நிற்பாட்டினார். அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. "இப்ப போவம்" என்று இரண்டு தரம் சொன்னார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. நான் போய், பிழையாக வாசித்தது நான்தான் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீ இரு" என்றார். இரண்டு பேரும் காருக்குள்ளேயே இருந்தோம்.

அங்கிளைச் சந்திக்க முடியாமல் போய்விட்டது என்று அப்பா சொன்னால், ஏன் என்று கேட்காதீர்கள். என்னைத் திட்டவேண்டுமானால் திட்டுங்கள். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், அதில் வேறு எதையும் எழுதுங்கள், காரைப் பற்றி மட்டும் வேண்டாம். மாதா உங்களைச் சுகமாக எங்களிடம் திரும்பக் கொண்டுவரட்டும்.

இன்னும் ஒன்றை எழுதாமல் விட்டால் நான் சொன்னது உண்மையாகாது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எமிலியானுஸ் அங்கிள் வெளியே வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்த ஓரத்துச் சின்ன இடைவெளி தவிர எங்கள் கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது, அவருக்கு எங்களைத் தெரியவில்லை. பிறகு அவர் உள்ளே போனார். கராஜின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

உங்கள் மகள்,
அஞ்சலீனா