கியர்பெட்டியின் பின்னால் இருந்தது

இன்று ஒரு டிராக்டரின் கியர்பெட்டியைத் திறந்தேன். பழைய எண்ணெயின் அந்தக் கந்தக வாடை அடித்ததும் உன் நினைவு வந்தது. கூடவே விடத்தல்தீவுக்காரரின் நினைவும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றொருநாள் தலைமன்னார் வீதியில் விடுதி நடத்துகிறவர் அந்தச் சிவப்பு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை நம் கராஜுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே நீளமும் கட்டையுமாய்ச் சுருள்கம்பிகள், விளிம்பில் பிரேக் லைனிங் ஒட்டிய ஒரு கூம்பு, வெளியே வயர் பூட்டிய ஒரு குழல். இத்தனை வருடம் சேர்ந்து வேலை செய்த நம் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"ஆரோ பிறகு பூட்டினது. விட்டிட்டுப் பூட்டுவம்" என்றேன் நான்.

நீ கேட்கவில்லை. படமெடுத்து முகநூலில் போட்டாய். லண்டனில் கராஜ் வைத்திருக்கும் விடத்தல்தீவுக்காரர் ஒருவர் உடனே அழைத்தார்.

"அது ஓவர்டிரைவ் தம்பி. எறிஞ்சுபோடாதை. மேல் கியரில ஓடேக்குள்ள எஞ்சின்ர சுத்தைக் குறைக்கும்."

அன்றிலிருந்து பின்னேரமானால் நீ அந்த ஆளோடுதான். ஒவ்வொரு சாமானையும் போனுக்குக் காட்டுவாய், பெயர் கேட்பாய், சிரிப்பாய். என்னோடு நீ அப்படிச் சிரித்துக் கனகாலம்.

"அவரோடையே கராஜை நடத்தன்" என்றேன் ஒருநாள்.

"விசரே உனக்கு? தெரியாததைக் கேட்டால் என்ன குறைஞ்சுபோம்?" என்றாய்.

திருக்கேதீஸ்வரப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். நீ சுவிச்சைத் தட்டியதும் எஞ்சினின் இரைச்சல் அடங்கி, கார் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் நான் இருக்கிறேன். நீயோ போனைத் தூக்கிப் பிடித்து, "கேட்டதோ அண்ணை?" என்றாய்.

சில மாதத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. உன்னை அடக்கம் செய்து சேமக்காலையிலிருந்து திரும்பிய பிறகு உன் மனைவி உன் போனைத் தந்து, அவருக்கு அறிவிக்கச் சொன்னாள். அவர் விம்மி அழுதார்.

"நெஞ்சு நோகுதெண்டு எனக்குச் சொன்னவன் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குத் தெரிஞ்சால் கராஜில ஒரு சாமானும் தூக்க விடமாட்டியளாம்."

உண்மைதான், விட்டிருக்க மாட்டேன். அதை அறிந்துகொண்டே நீ அவரிடம் சொன்னாய். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அவர் இப்போதும் அழைக்கிறார். போன கிழமை முள்ளிக்குளத்தில் உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னார். அந்த உவர்த் தண்ணீரில் உன் அம்மா போடும் தேத்தண்ணி போல வேறெங்கும் குடித்ததில்லை என்றாயாம். எனக்கு நீ அதைச் சொன்னதேயில்லை. ஆனாலும் போனை வைக்கவிடாமல், "வேற என்ன சொன்னவன் அண்ணை?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தேன்.