ஏலப்பூத் தட்டு

சித்திரபுரம்
1974

பூமாரிக்கு,

வேலந்தாவளத்துக்கே வந்துவிடச் சொல்லி நீ எழுதியதை மெல்லத்தான் படித்து முடித்தேன். உடம்பு ஓய்ந்து கிடக்கிறது, வேறொன்றும் இல்லை.

துரைசானி சொல்லிக்கொடுத்த வேலை. அவள் கப்பலேறின பிறகும் பங்களாப் பீங்கானுக்கெல்லாம் நான்தானே பூ வரைகிறேன். அதை விட்டால் எஸ்டேட்காரர்கள் கொடுத்த லயத்து வீட்டையும் விடச் சொல்வார்கள்.

போன வாரம் புது மானேஜர் ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இலை ஏம்மா செவப்பா இருக்கு?"

"சூளையில வெந்தாத்தான் சாயத்துல நெறம் தெரியும் தொரை. தீ கூடிப்போச்சு" என்றேன். நம்பிவிட்டார்.

உன் மகள் கல்யாணத்துக்கு ஏலப்பூ வரைந்து ஒரு தட்டு அனுப்பியிருக்கிறேன். இலை பச்சையாக வந்திருக்கிறதா என்று பார்த்து எழுது. இங்கே யாரிடமும் கேட்க முடியாது.

கொஞ்சம் கொட்டை எழுத்தாக எழுது.

அம்மா