முகம் இடுப்புக்குக் கீழே வரக்கூடாது

இன்று காலை குசினி நிலத்தில் பால் கொட்டிவிட்டது. துடைக்கத் துணி தேடித் தொட்டிக்குக் கீழே கையை விட்டேன். உன் சனாதிபதி வந்தார். வட்ட முகம், கறுத்தக் கோட்டு, கழுத்துப்பட்டி, சுற்றிவரச் சோளக் கதிரில் ஒரு மாலை. இரண்டு சாண் அளவு வெட்டுத்துண்டுச் சீலை. இத்தனை நாளும் சவர்க்காரப் போத்தல்களுக்குப் பின்னால் அதே சிரிப்போடு இருந்திருக்கிறார். பாலை வேறு துணியால் துடைத்தேன். அவருக்கு மரியாதை கொடுத்தல்ல. அந்தச் சீலை உன்னுடையது. நான் உன்னிடமிருந்து பறித்தது.

உன் நாட்டின் பெயரை இதில் எழுத மாட்டேன். உன் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு குடியரசு என்றால் போதும். நாங்கள் கதைத்ததெல்லாம் இங்கே வேலை செய்த கபோ சந்தையின் அரைகுறை இத்தாலியன். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும், அதுவும் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ். ஆகவே நீயும் இதில் என் தமிழில்தான் கதைக்கவேண்டும். பொறுத்துக்கொள்.

மரக்கறிக் கடையின் பின்பக்கம், ஒரே தொட்டிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கார்ச்சோபி உரிப்பது வேலை. தாமரை மொட்டுக்கு முள் முளைத்ததுபோல இருக்கும் அந்தக் காயின் வெளி இதழ்களைக் கழித்து, நடுவை எலுமிச்சம்புளித் தண்ணீரில் போடவேண்டும். விரலெல்லாம் மை பூசியதுபோலக் கறுத்துவிடும். நீ வந்த முதல் நாளே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உனக்குக் கவலையில்லை. கறுத்தாலும் தெரியாது."

நீ என் கையைப் பார்த்தாய். "உனக்கும் தெரியேல்லையே, அக்கா."

மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொல் அது. என்னைவிட ஒரு வயது மூத்தவன் நீ. ஆனாலும் கடைசிவரைக்கும் அக்காதான். நான் உன்னைச் சனாதிபதி என்றேன். உன் பைக்குள் அந்தச் சீலைத்துண்டைக் கண்ட நாளில் வைத்த பட்டம்.

"ஆர் இது? உன்ரை கொப்பரோ?"

"எங்கடை சனாதிபதி."

"என்னத்துக்குக் காவிக்கொண்டு திரியிறாய்? அவ்வளவு பாசமோ?"

நீ சிரிக்கவில்லை. வலக்கையை நீட்டிக் காட்டினாய். மூன்று விரல்கள் மடிந்தபடி விறைத்துப்போயிருந்தன. அதுவரை அந்தக் கையை நான் கொக்கத்தடி என்று நக்கலடித்துக்கொண்டிருந்தேன், மாங்காய் பறிக்கிற தடி போல இருக்கிறதென்று. அன்றைக்குத்தான் கதையைச் சொன்னாய்.

நீ தையற்காரன். உன் ஊரில் சொந்தமாகக் கடை, இரண்டு மெசின். சுதந்திர நாளுக்கு முன் ஆளும் கட்சியிடமிருந்து சீலைக் கட்டுகள் வந்து இறங்கும், சீலை முழுக்க அவருடைய முகம். சனாதிபதி தன் கையால் நியமிக்கிற மாவட்ட அதிபர் ஒருவர் இருப்பார், எங்கள் ஊர் ஜி.ஏ. மாதிரி. அந்த அதிபரின் பெண்சாதி மாதர் அணிக்குத் தலைவி. எல்லாப் பெண்களுக்கும் சட்டை தைத்துக் கொடுப்பது ஊர்த் தையற்காரரின் கடமை. சீலையை உடுத்தவரின் பெயர் கிணறு வெட்டும் பட்டியலில் இருக்கும், உடுத்தாதவரின் பெயர் இருக்காது. அந்தச் சீலையை வெட்டுவதற்கு ஒரு சட்டம் உண்டு என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாய், மடங்குகிற விரலால். முகம் தலைகீழாக வரக்கூடாது. கழுத்துக்குக் குறுக்கே தையல் ஓடக்கூடாது. கக்கத்துக்குள் போகக்கூடாது. முகம் இடுப்புக்குக் கீழே வரவே கூடாது.

அதிபரின் பெண்சாதி அகலமான மனுசி. சீலை ஒரு சாண் போதாமல் போய்விட்டது. இணைப்புப் போட்டாய். இணைப்பில் இருந்த முகம் எங்கே வந்தது என்று, சுதந்திர நாளில் அந்த மனுசி தேசிய கீதத்துக்கு எழும்பி நின்றபோதுதான் பின்வரிசைக்குத் தெரிந்தது.

"குண்டியிலையோ?" என்றேன்.

"நடுவிலை, அக்கா."

கத்தியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்க்குமட்டும் சிரித்தேன். நீ பொறுத்திருந்து மிச்சத்தைச் சொன்னாய். அன்றைக்கு ஊரும் அப்படித்தான் சிரித்ததாம். மறுநாள் மூன்று பேர் வந்து, வெட்டுகிற மேசையில் உன் வலக்கையை விரித்து வைத்து, உன் ஸ்திரிக்கைப் பெட்டியையே தூக்கி அடித்தார்களாம். கரி போட்டுச் சூடேறியிருந்த பெட்டி.

இப்போது என் திறமையைக் கேள். உன் அகதி விசாரணைக்குத் திகதி வந்தது. உன் நாட்டுக்காரன்தானா, அங்கே உனக்கு ஆபத்து உண்டா என்று கேட்டுத்தான் இங்கே தங்குவதற்கான பெர்மெசோ கொடுப்பதா இல்லையா என்று தீர்ப்பார்கள். நான் அந்தக் கதவால் உள்ளே போய் வெளியே வந்தவள். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு வழக்கம் இருக்கிறது: கேசைப் பாடமாக்குவது. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். நான் படித்த படிப்பே பூசைப் பள்ளிக்கூடத்து ஞானோபதேசம், கேள்வி ஒன்று, பதில் ஒன்று. அந்த ராகத்தில்தான் என் கேசையும் சொன்னேன், கிடைத்தது.

"இந்தச் சீலைக்கதையை அங்கை கதைக்காதை," என்றேன். "அவையள் பெரிய ஆக்கள். குண்டிக்கதை சொன்னால் எழும்பிப் போவினம்."

"அதுதானே அக்கா நடந்தது."

"நடந்ததை ஆர் கேட்டவை? அரசாங்கத்தைப் பற்றிக் கேப்பினம். அதைப் படி. எதிர்க்கட்சிக்கு ஆதரவு, அதாலை அடிச்சவங்கள் எண்டு மட்டும் சொல்லு."

சீலைத்துண்டையும் வாங்கிக்கொண்டேன். அவருடைய முகத்தைக் கொண்டுபோனால் அவருடைய ஆள் என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். நீ யோசித்துவிட்டுத் தந்தாய். என் புத்தியில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கார்ச்சோபித் தொட்டிக்கு மேலே உன் குடியரசைப் படித்தோம். உன் தங்கை போனில் சொன்னதை நீ சொல்லுவாய், நான் கேள்வியாக்குவேன்.

"குடியரசு எண்டால் என்ன?"

"மன்னன் இல்லாத நாடு."

"மன்னன் இல்லையெண்டால் நீ பிறந்து தலை நரைக்குமட்டும் ஏன் சீலையிலை ஒரே முகம்?"

"அது பாடத்திலை இல்லை, அக்கா."

"சரி. சனாதிபதியை ஆர் தெரிவு செய்யிறது?"

"சனங்கள். அஞ்சு வரியத்துக்கு ஒருக்கா."

"நாட்டிலை எத்தினை பிரிவு?"

"அஞ்சு." வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொன்றாகச் சொல்லுவாய். பிழைத்தால் உன் தலையில் ஓர் இதழை எறிவேன். போகப் போக எறிவதற்கு வாய்ப்பே தரவில்லை நீ. அமைச்சர்களை யார் நியமிப்பது, சபை எப்போது கூடும், நீதிபதிகளுக்கு யார் மேலே, எல்லாம் ராகத்தோடு வரும். கடைக்காரரே "சனாதிபதி, எத்தினை பிரிவு?" என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

விசாரணையன்று உன் சேர்ட்டை நான்தான் ஸ்திரிக்கை போட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதைக்கூட நான் விடவில்லை. "பயப்பிடாதை, இது கறண்டுப் பெட்டி," என்றேன்.

பின்னேரம் துள்ளிக்கொண்டு வந்தாய். "எல்லாம் சொன்னன், அக்கா. ஒண்டும் விடேல்லை." பொரித்த சோற்று உருண்டை, அரன்சினா, வாங்கித் தந்தேன். இரண்டு தின்றாய்.

வியா மக்வேதாத் தெருவில் உன் வக்கீல் சிஞ்ஞோராவின் கந்தோரைத் துடைப்பவள் நான். உன்னை அங்கே கொண்டுபோய் விட்டதும் நான்தான். முடிவுக் கடிதம் வந்த அன்று, நான் துடைத்துக்கொண்டிருக்க அவர் அதை வாசித்துக் காட்டினார். பதில்கள் எல்லாம் சரியாம். ஒன்றும் பிழையில்லையாம். ஆனால் மனப்பாடம் பண்ணியவைபோல இருக்கின்றனவாம். சொந்தமாக அனுபவித்தது என்று ஒன்றும் இல்லையாம். ஆகவே இவர் அந்த நாட்டவர் என்பதையே நம்ப முடியவில்லையாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்த மனுசனுக்கெண்டு ஒரு கதையும் இல்லையா?"

நான் துடைப்பத்தைப் பிழிந்தேன். நன்றாகப் பிழிந்தேன். "எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா."

மறுநாள் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்ட கேள்வி ஒன்றேதான். "நான் எதிலை பிழை விட்டனான், அக்கா?"

இவ்வளவு நாளும் உனக்கு விடை சொல்லிக்கொடுத்த வாய். அது உடனே சொன்னது: "அஞ்சு பிரிவைச் சொல்லேக்கை தடக்குப்பட்டிட்டாய். மேன்முறையீட்டிலை பாப்பம்."

"நாலாவதிலையோ?"

"ஓம். நாலாவதிலை."

அதை நீ நம்பினாய். யோசித்துப் பார்த்து, "அங்கை ஒருக்கால் மூச்சு விட்டனான்தான்," என்று ஒப்புக்கொள்ளவும் செய்தாய்.

மேன்முறையீடு நடக்கும்வரை நீ வேலை செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். கடைக்காரர் வில்லங்கம் வேண்டாம் என்றார். "நல்லவன், ஆனால் வேண்டாம்." நீ நகரத்துக்கு வெளியே சியாகுல்லிக்குப் போனாய், மந்தரின் தோடம்பழத் தோட்டத்துக்கு. மார்கழி கழிந்தும் பழுக்கிற மந்தரின், மழையிலும் பறிக்கவேண்டும். மூன்று விரல் மடங்கிய கையோடு ஏணியில் ஏறுகிறாய் என்று எனக்குத் தெரியும். "கொக்கத்தடிக்கு இப்பதான் ஏற்ற வேலை," என்று அதற்கும் ஒரு பகிடி விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் வரும்போது கோயில் படியில் காத்திருப்பாய், பொக்கற் நிறையப் பழத்தோடு. பழத்தை உரித்துக்கொண்டே பாடம். நாலாவது பிரிவில் மூச்சு விடாமல் சொல்லப் பழகினாய்.

அப்போதுதான் உன் நாட்டில் அந்த வேலையைப் பார்த்தார்கள். படியில் நீ இருந்த கோலத்தைக் கண்டு, வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா, பாடத்தை மாத்திப்போட்டாங்கள்."

அரசியல் சட்டத்தையே மாற்றிவிட்டார்களாம். இனிச் சனங்கள் சனாதிபதிக்கு வாக்குப் போடுவதில்லை. சபைக்கு மட்டும் போடுவார்கள், சபை ஒருவரைச் சனாதிபதியாக வைக்கும். அவருக்குக் கதிரை மட்டும். அதிகாரமெல்லாம் அமைச்சர்களுக்குத் தலைவராக வருபவருக்கு, அவருக்கோ கால எல்லை இல்லை. யார் அந்தத் தலைவர் என்று கேட்டேன். சீலையில் இருப்பவர்தான் என்றாய். முகம் அப்படியே இருக்கக் கதிரையை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"உன்னை ஃபெயிலாக்கத்தான் மனுசன் சட்டத்தை மாத்தியிருக்கிறார்," என்றேன்.

நீ கண்ணைத் துடைத்தாய். நாட்டுக்காக இல்லை. "கோர்ட்டிலை எதைச் சொல்ல? நான் வரேக்கை இருந்ததையோ, இப்ப இருக்கிறதையோ?"

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் விடு, குண்டிக்கதையைச் சொல்லு, விரலைக் காட்டு, இந்தா உன் சீலை என்று. வாய்வரை வந்தது. சொன்னால் முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் தடக்குப்பட்டேன் என்றாயே, அது என்ன என்று கேட்பாய். நான் சொன்னேன்: "ரெண்டையும் பாடமாக்கு."

மூன்று கிழமையில் இரண்டு குடியரசையும் தலைகீழாகச் சொன்னாய். ஏணியில் நின்றும் சொல்லிக்கொண்டிருப்பாயாம். அடுத்த ஏணிக்காரன் பிறகு சொன்னான், "எந்த நேரமும் செபம் சொல்லுற மனுசன்" என்று.

மழை பெய்த செவ்வாய்க்கிழமை விழுந்தாய். பதியாமல் வேலைக்கு வைத்திருந்த தோட்ட முதலாளி உன்னைத் தன் வாகனத்தில் ஏற்றி, பஸ் தரிப்பு வாங்கில் சாய்த்து இருத்திவிட்டு, அம்புலன்சுக்குப் போன் அடித்துவிட்டுப் போய்விட்டான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. அம்புலன்ஸ் வந்தபோது நீ உயிரோடு இல்லை. உன் போனில் கடைசியாக எடுத்த நம்பர் என்னுடையது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

சாவுப் பத்திரம் எழுதும் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண், நகத்துக்குச் சிவப்புப் பூசியிருந்தாள். பெயர் கேட்டாள், சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள், சொன்னேன்.

"எந்த நாட்டவர்?"

உன் நாட்டைச் சொன்னேன். சொல்லிவிட்டு ஆயத்தமாக நின்றேன், கையைக் கட்டிக்கொண்டு, ஞானோபதேச வகுப்பில் நிற்பதுபோல. ஐந்து பிரிவும் வடக்கிலிருந்து தெற்காக நாக்கு நுனியில் நின்றது. பழைய சட்டமும் இருந்தது, புதிய சட்டமும் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. எழுதினாள், முத்திரை குத்தினாள், "அடுத்த ஆள்" என்றாள். நீ உயிரோடிருந்து அத்தனை கேள்விக்குப் பதில் சொல்லியும் தராத நாட்டை அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிட்டார்கள்.

பெட்டி மூடமுதல் உன்னோடு வைக்கலாம் என்று சீலையைக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சில் வைத்தால் அந்த முகத்தை நீ அங்கேயும் சுமக்கவேண்டும். முதுகுக்குக் கீழே வைத்தால் திரும்பவும் இடுப்புக்குக் கீழே போய்விடும், அங்கேயும் மூன்று பேர் வருவார்கள். நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சவப்பெட்டிக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தச் சிரிப்போடு சீலையைத் திருப்பிக் கொண்டுவந்து, கண்ணில் படாத இடத்தில் செருகினேன்.

இன்றைக்குத் தோய்த்து பால்கனியில் போட்டிருக்கிறேன். இரண்டு கிளிப்பில் தலைகீழாகத் தொங்குகிறார். தண்ணீர் கீழ்வீட்டுக்காரியின் உள்ளாடைகளில் சொட்டுகிறது, அவள் கத்துகிறாள். கத்தட்டும்.

கடையில் இப்போதும் அதே தொட்டியில்தான் உரிக்கிறேன். கை ஓடத் தொடங்கினால் வாய் தன்பாட்டில் உன் பாடத்தைத் தொடங்கிவிடுகிறது. நான் கால் வைக்காத நாட்டின் ஐந்து பிரிவும் வருகிறது. நாலாவது வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அங்கேதான் நிற்கிறது, நான் பொய் சொன்ன இடத்தில்.

கேள், சனாதிபதி. மூச்சு விட்டது பிழையில்லை. நாலாவதிலும் இல்லை, வேறெதிலும் இல்லை. நீ ஓரிடத்திலும் தடக்குப்படவில்லை.