இரண்டு பேர் சொன்னால் செய்தி

நவம்பர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஆபீஸ் பெக்ஸ் மெஷின் மறுபடியும் தாளை மென்றுவிட்டது. ரோலரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இதுக்குத்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரோனிக்ஸ் படித்தது.

வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பொலிஸ் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை மட்டும் இறக்கினார்கள். என் பையில் பழைய மோடம். "மேக்க மொக்கத?" இது என்ன என்று கேள்வி. கம்ப்யூட்டரை டெலிபோனில் பேச வைக்கிற பெட்டி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் அதைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். சிரிக்கக் கூடாது. சிரித்தேன். அதுக்காக இன்னும் கொஞ்ச நேரம் மழையில்.

ஆபீசில் பொண்ணு பார்க்க வருகிற வீடு மாதிரி அமளி. நாளைக்கு மதிப்பீடு. காசு கொடுக்கிறவர்கள் கொழும்பிலிருந்து ஒரு அம்மாவை அனுப்புகிறார்கள். நம்ம செய்தித்தாள் நம்பத் தகுந்ததா, அதனால் யாருக்காவது பிரயோசனமா என்று பார்க்க. ஆசிரியர் சிவபாலன் சேர் மேசையில் பூ வைத்திருக்கிறார். பிளாஸ்டிக்.

"தம்பி முரளி, நாளைக்காவது உம்மட வாயை வீட்டில வச்சிட்டு வாரும்."

"வாய் இல்லாம எப்படி சேர் போன் பேசுறது?"

போனில் செய்தி சேகரிக்கிற பரீனா போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

பிரயோசனமா என்று கேட்டால் நானே சொல்வேன். தினம் பின்னேரம் அஞ்சு மணிக்கு பெக்ஸிலும் மோடத்திலும் மூன்று பக்கம், அதே மூன்று மொழியிலும். எந்த அகதி முகாமில் தண்ணீர் இல்லை, எந்த ரோடு மூடி, எங்கே என்ன நோய். வாசிக்கிறவர்கள்: லொறி அனுப்புகிற நிறுவனங்கள், ஆஸ்பத்திரிகள், பாதர்மார், சிஸ்டர்மார். நம்ம பேர் போடாமல் களவெடுக்கிற பத்திரிகை ஒன்று. சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு ஆள் சொன்னால் வதந்தி, இரண்டு ஆள் சொன்னால் செய்தி.

நவம்பர் 15, புதன்

மதிப்பீட்டு அம்மா (இனி ம.அ.) வந்தாச்சு. வயசு அம்பதுக்கு மேல். தமிழ் நன்றாகப் பேசுகிறார். பிளேன்டீயைத் தொடவில்லை. முதல் கேள்வியே: "இதை நாளைக்கு நிப்பாட்டினா யாருக்கு என்ன குறையும்?"

சேர் மனிதாபிமானம் பற்றி நீளமாகப் பேசினார். எனக்குத் தூக்கம்.

பிறகு ம.அ. போன வார இதழ் ஒன்றை உருவினார். குளக்கட்டு முகாமில் வயிற்றோட்டம், பிள்ளைகள் மோசம் என்ற செய்தி. வவுனியாவுக்கு அந்தப் பக்கம் உள்ள முகாம். அதைப் பார்த்துத்தான் நாலைந்து நிறுவனம் மருந்து சேர்த்து, வெள்ளிக்கிழமை விடிய லொறி போகப்போகிறது.

"யார் சொன்னது?"

"ரெண்டு பேர் அம்மா," என்றார் சேர். "சுகாதாரத் தொண்டர் ஒருத்தி, பாதர் ஒருத்தர்."

"பேர்?"

சேர் வாயைத் திறந்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"பேர் குடுக்க மாட்டோம்."

"நான் பொலிஸ் இல்லையே."

"நீங்க இல்லைங்க. உங்க அறிக்கையை எத்தனை பேர் போட்டோக் கொப்பி அடிப்பாங்க? போன்ல நமக்குத் தகவல் சொன்னாங்கன்னு அங்க ஒருத்தரைப் பிடிச்சா நீங்க வந்து வெளில எடுப்பீங்களா?"

சேர் முகம் சாம்பல். ம.அ. கோபப்படவில்லை. "சரி. பேர் வேணாம். அந்தச் செய்தி எப்பிடி வந்ததெண்டு அடியில இருந்து பிடிச்சுக் காட்டுங்க."

நியாயமான கேள்வி. சர்க்கிட்டைச் சோதிக்கிறவள் அப்படித்தான் கேட்பாள். நாளைக்கு.

நவம்பர் 16, வியாழன்

மழை விட்டது. மற்றதெல்லாம் நாசம்.

காலையில் பாதருக்குப் போன். லைனில் இரைச்சல்.

"வயிற்றோட்டமோ? ஓம், உங்கட தாளில வாசிச்சன் தம்பி."

"வாசிச்சீங்களா, பாத்தீங்களா?"

"வாசிச்சனான். பிறகு பரீனா பிள்ளை எடுத்துக் கேட்டா, ஓம் அப்பிடித்தானெண்டு சொன்னன்."

முதல் நாள் 'உறுதியாகவில்லை' என்று சின்னதாகப் போட்டோம். பாதர் அதை வாசித்தார். அடுத்த நாள் நாம் கேட்டோம். அவர் நம்ம செய்தியையே நமக்குத் திருப்பிச் சொன்னார். நாம் 'உறுதி' என்று பெரிசாகப் போட்டோம். ஒரே வயரில் இரண்டு மீட்டரை மாட்டிவிட்டு, பார், இரண்டும் ஒரே அளவு காட்டுது என்று கை தட்டியிருக்கிறோம்.

இதுக்கு மேல் ஒன்று. தொண்டர் அக்கா பேசுகிற கடைக்குப் போன் போட்டு, ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட வைத்தேன்.

"குளக்கட்டிலயோ? இல்லைத் தம்பி! வயிற்றோட்ட வருத்தம் ரோட்டு முகாமில. அங்க போன் இல்லை. அதாலதான் குளக்கட்டுக் கடைக்கு வந்து கதைக்கிறனான். நீங்கள் இன்னும் ஒண்டும் அனுப்பேல்லையே?"

நம்ம வழக்கம்: போன் எந்த ஊரிலிருந்து வருதோ அந்த ஊர் தலைப்பில். வேகத்துக்காக. அக்கா ரோட்டு முகாம் என்று சொல்லியும் இருக்கிறாள், நம்ம தலைப்பு அதை விழுங்கிவிட்டது. பாதர் உண்மையில் போய்ப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

உடனே லொறி நிறுவனத்துக்குப் போன். "லொறி போக ஆமி குடுக்கிற பாஸ் குளக்கட்டுக்குத்தான் எடுத்திருக்கு. மாத்துறதுன்னா எழுத்துல வேணும். மத்த நிறுவனமும் சாமான் போட்டிருக்கு, அவங்களுக்கும் தெரியணும். உங்க தாள்ல வந்ததை உங்க தாள்லயே மாத்துங்க. நாங்க அதைக் காட்டி பாஸ் மாத்துறோம்."

சேரிடம் போனேன். கதவைச் சாத்தினார்.

"அந்த அம்மா நாளைக்குப் பின்னேரம் போயிடுவா. சனிக்கிழமை போடுவம்."

"லொறி நாளைக்கு விடிய போகுது சேர்."

"அப்ப மூண்டாம் பக்கத்தில, கீழ, சின்னதா."

"பிழையை முதல் பக்கத்துல போட்டோம்."

"விசர்க் கதை கதையாதையும்! இந்த இடத்தை மூடினா நாளைக்கு ஆர் போடுறது? உம்மட மோடமோ?"

"பொய்யைத் திருத்தாத தாள் மூடினா ஒண்ணும் குறையாது சேர். அந்த அம்மா கேட்டாங்களே, அதுக்கு இதுதான் பதில்."

போய்த் தொலையும் என்றார். போனேன், மோடத்துக்கு முன்னால். அனுப்புகிற பட்டன் என் மேசையில். பரீனா ஏற்கெனவே கீபோர்டில் இருந்தாள், கண் சிவந்து. "பாதர்கிட்டக் கேட்டது நான். வாசிச்சீங்களா பாத்தீங்களான்னு எனக்குக் கேட்கத் தோணல்லயே. நான்தான் எழுதுவன். நீங்க சும்மா இரிங்க."

எழுதினாள். முதல் பக்கம், மேலே, கட்டம் கட்டி: குளக்கட்டு என்று போட்டது பிழை, ரோட்டு முகாம் என்பதே சரி, இரண்டாவது ஆள் நேரில் பார்க்கவில்லை. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கியதை மட்டும் நான் வெட்டினேன். எல்லாம் தவிர்த்திருக்கலாம்.

அஞ்சு மணிக்கு அனுப்பியாச்சு. எல்லாருக்கும்.

நவம்பர் 17, வெள்ளி

வெயில். லொறி போய்விட்டது. பாஸ் மாற்றி, ரோட்டு முகாமுக்கு.

ஒரு நிறுவனம் பெக்ஸ் அனுப்பியிருக்கிறது: இனி உங்கள் செய்தி வேண்டாம். போகட்டும்.

ம.அ. நேற்றைய தாளைக் கையில் வைத்திருந்தார்.

"நான் இங்க இருக்கிறதால இதைப் போட்டீங்களா?"

"நீங்க இருக்கிறதாலதான் போடாம விடப் பாத்தாங்க."

சேருக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். ம.அ. எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. அறிக்கை எப்போது வரும் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நல்லதாக எழுது என்று யாரிடமும் பல்லைக் காட்ட மாட்டேன்.

மத்தியானம் சோறும் பருப்பும். பருப்பில் உப்பு இல்லை.

நவம்பர் 18, சனி

மூடுபனி, எதிர்க் கட்டிடமே தெரியவில்லை.

தொண்டர் அக்கா பேசினாள். சேலைன், கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற உப்புச் சீனித் தூள் பைக்கட், குளோரின் எல்லாம் வந்து சேர்ந்ததாம். பிறகு: "புதன்கிழமை ஒரு பிள்ளை முடிஞ்சுது தம்பி. மூண்டு வயது. அதையும் போடுவீங்களோ?"

புதன்கிழமை. நாங்கள் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் நம்பகத்தன்மை பேசிக்கொண்டிருந்த நாள்.

லொறியோடு போன நேர்ஸ் மிஸ்ஸிடம் பரீனா தனியாகக் கேட்டாள். தாளில் வாசித்ததையா, கண்ணால் கண்டதையா? கண்டது. தாயோடும் பேசியிருக்கிறார்.

எழுதி எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன். சண்டைக்குத் தயாராக. வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போடும்."

"சேர்?"

"போடும் எண்டு சொல்லுறன். மருந்து வேற முகாமுக்குப் போகப் பாத்தது எங்கட பிழையால எண்டும் போடும். என்ர பேரில போடும்."

அங்கேயே நின்று அவர் பேரை அடியில் எழுதினேன்.

மூன்று மொழியிலும் போகணும். சிங்களத்துக்கு எழுதுகிற ஆள் வரவில்லை, பேராதனை ரோட்டில் சோதனையாம். மணி நாலரை. என் சிங்களத்திலேயே எழுதப்போகிறேன். பிழை வந்தால் நாளைக்கு அதையும் முதல் பக்கத்தில் போடுவோம்.