பாட்டிலின் முதுகில் வைத்த பொட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

இந்த 'அன்புள்ள' அக்காவுக்காக எழுதியது. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகியும் உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

உங்கள் மகன் நினைவு மலர் போடுகிறான். 'அப்பா கண்டுபிடித்த பாட்டில் லைட்டிங்' பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். யார் கண்டுபிடித்தது, மச்சான்?

முப்பது வருஷத்துக்கு முன்னால் எடப்பாடியிலிருந்து ஒரு கலர் சோடா கம்பெனி முதலாளி நம் சங்ககிரி ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆரஞ்சுக் கலர் நிரம்பிய பாட்டிலைக் காலண்டருக்குப் படம் எடுக்க வேண்டும். லாரி டிரைவருக்கு லைசென்ஸ் போட்டோ எடுப்பதுபோல நீங்கள் முன்னாலிருந்து இரண்டு விளக்கைப் போட்டீர்கள். கண்ணாடியில் இரண்டு பல்பும், ஜன்னலும், உங்கள் மீசையும் தெரிந்தன. "மாப்ள, பௌதிகம் படிச்சயில்ல, நீயே பாரு" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

ஏழு நாள் பார்த்தேன். காலி மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். கண்ணாடி மேல் வெளிச்சம் போடக் கூடாது. பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி, வேட்டி மேல்தான் போட வேண்டும். அப்போது கலர் உள்ளிருந்தே ஒளிரும். ஆனால் பாட்டிலின் ஓரம் வெள்ளையில் கரைந்துவிடும். அதற்கு இரண்டு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில், கறுப்பு அட்டை. மையால் கோடு போட்டதுபோல ஓரம் எழுந்து நிற்கும். கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தால் ஐஸிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

படம் எடுத்த அன்று, முதல் பெரிய வேலை என்று நீங்கள் கற்பூரம் காட்டி, பாட்டிலின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். "பொறத்தாலதான வெச்சேன், அது எங்க தெரியப்போவுது?"

பத்து நாள் கழித்து மெட்ராஸிலிருந்து படம் கழுவி வந்தது. பின்னால் வைத்த பொட்டு வெளிச்சத்தை மறைத்து, கலருக்குள் கறுப்பாக நீண்டு கிடந்தது. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, கலருக்குள்ள பல்லி கெடக்குதுங்களா?"

"மாப்ளதானுங்க லைட்டு வெச்சான். படிச்சவனாச்சேன்னு நம்பி உட்டுட்டனுங்க."

கண்கூட இமைக்காமல் சொன்னீர்கள். பொட்டில்லாமல் அதே ஏற்பாட்டில் மறுபடி எடுத்த படம் காலண்டரில் வந்தது. கீழே உங்கள் பெயர். எனக்குக் கிடைத்த பெயர் 'பல்லி போட்டோக்காரர்'. டீக்கடையில் "பல்லி சௌக்கியமுங்களா?" என்று கேட்டார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அக்காகூட, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமில்ல சாமி" என்றாள். உங்கள் வீட்டுச் சோறு சாப்பிடுகிறவன் நான்; அவள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று கேமராவில் குனிந்து பார்த்தபோதே பாட்டிலுக்குள் அந்தக் கறுப்பு எனக்குத் தெரிந்தது. என்னவென்றும் தெரிந்தது. நீங்கள் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தீர்கள். பொட்டைத் துடைக்க வேண்டும் என்று உங்களிடம் யார் சொல்வது? படத்தில் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். என் கோபத்தில் பாதி என் மேலேதானோ? இந்த வயதிலும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. மற்ற பாதி உங்களுடையதுதான். அதில் ஒன்றும் குறைக்க மாட்டேன்.

கூடத்தில் உங்கள் படத்துக்கு மருமகள் பொட்டு வைத்திருக்கிறாள். கண்ணாடியின் முன்பக்கம், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. நானும் நடந்ததை அப்படியே முன்பக்கம் வைக்கிறேன். மலருக்கு இந்தக் கடிதத்தைத்தான் கொடுப்பேன். விளக்கு வைத்தது நான், பொட்டு வைத்தது நீங்கள், பார்த்தும் வாய் திறக்காதது நான். உங்கள் மகன் ஒரு வரியை எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் படத்துக்கு எதிரே உட்காரத் துணியாமல் நின்றுகொண்டே இதை எழுதிய,
உங்கள் மச்சினன்