நியூட்ரல் விழவில்லை

ஜூன் 3, திங்கள்

செட்டிகுளம் சிக்னலில் இன்று மானம் போனது. சிவப்பு விழுந்ததும் நிறுத்தினேன். நியூட்ரல் விழவில்லை. காலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு — நடுவில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போனேன்.

மகள் ஜெஸ்மி பிறந்த வருடம் வாங்கிய வண்டி. அவளுக்கு இப்போது இருபத்தொன்று. என்னைப் பழிவாங்க இவ்வளவு நாள் காத்திருந்ததா?

ஜூன் 4, செவ்வாய்

தாணுவிடம் விட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. இந்த வண்டியில் அவனைத் தவிர வேறு மெக்கானிக் கை வைத்ததில்லை. கிளட்ச் கேபிள் பிரிபிரியாகப் போயிருந்தது, மாற்றினான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பூப்போல விழுகு மக்கா" என்றான்.

பட்டறையில் இன்று இரண்டு கல்லறைக் கல், ஒரு அடிக்கல். நாள் முழுக்க மெஷினைப் பிடித்து எழுத்து வெட்டிவிட்டு மயிலாடியிலிருந்து கிளம்பினால், தேரூர் தாண்டுவதற்குள் மறுபடி அதே கர்ர்ர். என்ன பூ?

ஜூன் 6, வியாழன்

தாணு கேபிளை இன்னும் இறுக்கி வைத்தான். கியர் விழுகிறது. ஆனால் ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. இறுக்கினால் இழுக்காது, தளர்த்தினால் கியர் விழாது. நடுவில் ஒரு இடம் இருக்கத்தானே வேண்டும்?

ஜூன் 7, வெள்ளி

மழை. பஸ்.

ஜூன் 10, திங்கள்

கிளட்ச் பிளேட் எல்லாம் மாற்றியாயிற்று. ஆயிலும் புதிது. கேபிளைப் பழையபடி அளவாக வைத்தான். "இதுக்கு மேல செய்ய இதுல ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றான்.

ஒரு கிலோமீட்டர் சரியாக ஓடியது. ஒரே ஒரு கிலோமீட்டர்.

ஜூன் 12, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் தாணுவின் கடைக்குப் போனேன். நாலு பேர் வண்டியோடு நின்றார்கள். அவன் என் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்விட்டு வந்து, "நல்லாத்தானே இருக்கு" என்றான். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"பழைய பிளேட்டைக் கழுவித் திருப்பிப் போட்டுட்டுப் புதுசுன்னு சொல்லுதியாலே?"

சொல்லிவிட்டேன். நாலு பேர் கேட்க.

தாணு வண்டியை ஸ்டாண்டில் போட்டான். உள்ளே போனான். கழற்றிய பழைய பிளேட்டுகளைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து சீட்டின் மேல் வைத்தான். பெயரைச் சொல்லி, "இனிமே வேற எடத்துல பாத்துக்கிடு, சத்தியம்" என்றான்.

அவனும் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 13, வியாழன்

அது என் வண்டியின் பிளேட்டுதான் என்று என்ன நிச்சயம்? வேறு யாருடைய வண்டியிலிருந்தாவது கழற்றியதாக இருக்கலாமே.

மனைவி பூங்கனி கேட்டுவிட்டாள். "தாணு அண்ணனையா அப்படிச் சொன்னிய? உங்களுக்கு எப்படி வாய் வந்தது?" பதில் சொல்ல வாயெடுத்தேன், காப்பி கிளாஸ் கையிலிருந்து நழுவி உடைந்தது. கோபத்தில் போட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே காட்டிக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

நாகர்கோவிலில் லிஜின் என்று ஒரு மெக்கானிக். கெட்டிக்காரன் என்று சொன்னார்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, எல்லாம் புது பிளேட்டு. வேலை சுத்தமா செஞ்சிருக்கு. யாரு செய்தது?"

ஊரில் ஒருத்தன் என்றேன்.

அவனும் ஓட்டிப் பார்த்தான். அவனுக்கும் நன்றாக ஓடியது. இந்த வண்டிக்கு ஊரில் உள்ளவன் எல்லாம் வேண்டியவன், நான் ஒருத்தன்தான் வேண்டாதவன்.

ஜூன் 16, ஞாயிறு

ஜெஸ்மி வண்டியில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்லூரித் தோழியின் வண்டியில் கியர் பழகியிருக்கிறாள், எனக்கு இன்றுதான் தெரியும். திரும்பி வந்து, "அப்பா, வண்டிக்கு ஒண்ணும் இல்லியே, கியரு நல்லா விழுது" என்றாள்.

"ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டுச் சொல்லாத."

முகத்தைத் தூக்கிக்கொண்டு சுசீந்திரம் வரை போய் வந்தாள். அதே பதில்.

அவர்கள் உள்ளே போன பிறகு முற்றத்தில் வண்டி மேல் உட்கார்ந்தேன். கிளட்சைப் பிடித்தேன். பாதி வந்தது. மீதிக்கு விரல்கள் நடுங்கின. எதற்கென்று தெரியாமல் வலக்கையை இந்தப் பக்கம் கொண்டுவந்து அதே லீவரைப் பிடித்தேன். ஹாண்டில் பார் வரைக்கும் வந்தது. மறுபடி இடக்கை. பாதி. மறுபடி வலக்கை. முழுசு.

லீவர் ஒன்றுதான். முழுசாக வராத கிளட்சில் கியர் எப்படி விழும்?

இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடக்கையில் பெருவிரலுக்கு அடியில் சதை குழிந்து கிடக்கிறது. எப்போதிலிருந்து? காலையில் எழும்பும்போது கை மரத்துக் கிடக்கும், தலையணைக்கு அடியில் வச்சுப் படுத்திருப்பேன்னு நினைப்பேன். தினமுமா தலையணைக்கு அடியில வைப்பேன்? இத்தன நாளும் எங்க கெடந்தேன் நான்?

பயமாக இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் போனேன். மெஷினை எடுக்கவில்லை, பேருக்குக் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

நேற்று பூங்கனியிடம் சொன்னேன். இன்று நாகர்கோவிலில் டாக்டர். கையில் வயர் ஒட்டிச் சின்னச் சின்னதாக ஷாக் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறதாம். எத்தனை வருடமாக மெஷின் பிடிக்கிறேன் என்று கேட்டார். பத்தொன்பது. மரத்துப்போவது எப்போது தொடங்கியது என்று கேட்டார். போன மாதம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஒன்றரை வருடம் என்றேன். பூங்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சின்ன ஆபரேஷன்தான். மரப்பு போகும், பிடி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. மெஷின் இனிமேல் கூடாது.

முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். வரலாம்தான். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, சனி

தாணுவின் கடைக்கு நடந்து போனேன். குனிந்தபடியே, "என்ன, லிஜினு சரியாக்கித் தந்தானா?" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"வண்டியில ஒண்ணும் இல்லலே. கையில." நீட்டிக் காட்டினேன்.

கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். குழிந்த இடத்தை அழுத்திப் பார்த்தான். பிறகு தன் இரண்டு விரலை நீட்டி, "பிடி பாப்போம்" என்றான். பிடித்தேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

என் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொண்டான்.

"அன்னைக்கு நான் சொன்னதுக்கு—"

"அது கெடக்கட்டும். ஆபரேசன் என்னைக்கு?"

கிடக்கட்டும் என்றுதான் சொன்னான். மனதில் இல்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ஆபரேஷன் முடிந்து கட்டோடு வீட்டுக்கு வந்தேன். பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். தாணு வரவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

மரப்பு அறவே போய்விட்டது. பிடி வரவில்லை, வராது என்றே தோன்றுகிறது. மெஷினை இப்போது பட்டறைப் பையன் ஆபேல் பிடிக்கிறான். நான் கல்லில் எழுத்தை வரைந்து கொடுக்கிறேன்.

வண்டியை இன்று முதல் ஜெஸ்மி கல்லூரிக்குக் கொண்டுபோகிறாள். யார் சொன்னார்களோ, ஏழரை மணிக்குத் தாணு ஸ்பேனரோடு முற்றத்தில் வந்து நின்றான். அவளை வண்டியில் உட்காரச் சொன்னான். கிளட்ச் லீவரைத் தளர்த்தி அவள் கைக்குத் தகுந்தபடி திருப்பினான்.

"எட்டுதா மக்கா?"

"இன்னும் கொஞ்சம் கீழ, மாமா."

இறக்கி முறுக்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முதல் கியர் போட்டு வாசல் தாண்டினாள். இரண்டு, மூன்று, நான்கு. திருப்பம் வரை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தாணு ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டான். கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "பூங்கனி, காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு முன்னால் வீட்டுக்குள் போனான்.